டிமைஸ் என்ற சொல்லுக்கு ஓர் ஒத்திகை

செம்பூரில் எங்கள் கட்டடத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறது. நாளை தண்ணீர் வராது என்றாலும் அதில்தான் எழுதுவார்கள், ஆள் போய்விட்டார் என்றாலும் அதில்தான். தண்ணீர் விஷயத்தை வாட்ச்மேன் எழுதுவான். ஆள் விஷயத்தை நான் எழுதுவேன். இதற்கு யாரும் என்னை நியமிக்கவில்லை. ஒருமுறை ஒருவருக்கு எழுதிக் கொடுத்தேன், எழுத்து அழகாக இருந்துவிட்டது, அவ்வளவுதான். பம்பாயில் ஒரு வேலையை ஒரு தடவை ஒழுங்காகச் செய்துவிட்டால் அது ஆயுளுக்கும் உங்கள் தலையில்தான்.

பலகையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மாதுங்காவில் நான் படித்த பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள், தாராவிக்காரர்கள், சீத்தா கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் எப்போதும் யாராவது துக்க முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். பென்ஷன், வாடகை வீட்டு மாற்றம், பேங்க் லாக்கர். எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் வேண்டும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு சொல்லைக் கொண்டு வருவார்கள். எங்கள் பாலக்காட்டு வகையறா 'காலமாயிட்டார்' என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள் 'தவறிட்டாவ' என்பாள். முஸ்லிம் வீடுகளில் 'மவுத்தாயிட்டாங்க'. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போதுகூட 'ஆஃப் ஆயிட்டாரு' என்பார்கள், பம்பாய் இந்தி வழக்கம். எதுவாக வந்தாலும் என் பேனாவைத் தாண்டும்போது ஒரே சொல்லாகிவிடும். டிமைஸ்.

அது மரணத்துக்கு மரியாதையான பெயர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வேட்டிக்குப் பதில் சூட் போட்ட சாவு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைக் குத்தகைப் பிரிவில் போட்டார்கள். கிடங்குகளையும் காலி மனைகளையும் வாடகைக்கு விடும் பத்திரங்களைச் சரிபார்க்கிற வேலை. முதல் பத்திரத்திலேயே 'டிமைஸ் செய்யப்பட்ட இடம்' என்று பக்கத்துக்குப் பக்கம் வந்தது. மேலதிகாரியிடம் போய், இந்தக் கிடங்கில் யார் சார் செத்தது என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இதுவரைக்கும் யாரும் இல்லை, நீ இப்படியே வேலை பார்த்தால் நான் சாவேன் என்றார்.

பிறகு அவரே சொல்லிக் கொடுத்தார். சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அனுப்பிவிடுவது, விட்டுவிடுவது என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து வக்கீல்கள் கையில் சிக்கியது. நிலத்தையோ வீட்டையோ ஒருவர் இன்னொருவர் கையில் ஒப்படைத்தால் அது டிமைஸ். குத்தகையாகவும் இருக்கலாம், உயிலாகவும் இருக்கலாம். அங்கே ராஜா செத்தால், செத்தார் என்று சட்டம் சொல்லாது. கிரீடம் டிமைஸ் ஆனது, அதாவது அடுத்தவர் தலைக்குப் போனது என்று சொல்லும். நடுவில் ஒரு நொடிகூட நாற்காலி காலியாக இருப்பதில்லை என்பது ஏற்பாடு. ராஜாவுக்கு நடந்ததைத் தங்களுக்கும் சொல்லிக்கொள்ள ஊருக்கு ஆசை வந்திருக்க வேண்டும். கை மாறுவது என்பது மறைந்துபோய், கைமாற்றத்துக்குக் காரணமான சாவு மட்டும் அந்தச் சொல்லில் மிஞ்சியது.

இதையெல்லாம் நான் விலாவாரியாகச் சொன்ன ஒரே ஆள் என் மனைவி. கேட்டாக வேண்டிய கட்டாயம் அவளுக்கு இருந்தது. காரணம், எங்கள் வீட்டில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

எனக்கு பைபாஸ் ஆனதும் முதல் காரியமாக எல்லாக் காகிதங்களையும் ஒழுங்கு செய்தேன். என்னைவிட அவள் சின்னவள், ரத்த அழுத்தம்கூட இல்லாதவள். நான் முந்திக்கொள்வதில் இருவருக்குமே சந்தேகம் இருக்கவில்லை. மகள் கனடாவில். அங்கிருந்து ஓடிவந்து வார்டு ஆஃபீஸ் வரிசையில் அவளால் நிற்க முடியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்குப் பிறகு சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, ஒரு பக்கம் நான் கவுண்டர் குமாஸ்தாவாக உட்காருவேன். எதிர்ப்பக்கம் அவள் என் விதவையாக வந்து நிற்பாள்.

"காய் பாஹிஜே?" என்பேன், என்ன வேண்டும் என்று மராத்தியில், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு.

"ஆத்துக்காரர் போயிட்டார். சர்டிபிகேட் வேணும்."

"இங்க தமிழ் செல்லாது. ஹிந்தில சொல்லு."

"மேரா பதி ஆஃப் ஹோ கயா."

"ஆஃப்னு சொல்லப்படாது. அது டியூப்லைட்டுக்கு."

"நீங்க மட்டும் என்ன, நாப்பது வருஷமா பளிச்சுனா எரிஞ்சேள்? மினுக் மினுக்குனுதானே."

சிரித்துத் தொலைப்பாள். விதவை சிரிக்கக் கூடாது என்று நான் கோபிப்பேன். மறுபடி முதலிலிருந்து. விண்ணப்பம், இரண்டு நகல், அடையாள அட்டை. எல்லாவற்றுக்கும் மேலே என் முதல் விதி: கொடுத்த காகிதத்தின் நகலில் ஆஃபீஸ் ஸீல் வாங்காமல் வீட்டுக்கு வரக் கூடாது. ஸீல் இல்லாத காகிதம் கொடுக்காத காகிதம். அதை அவள் மறந்ததே இல்லை. ஆனால் நான் சொல்லித் தராத ஒன்றை ஒவ்வொரு முறையும் நடுவில் நுழைத்துவிடுவாள்.

"பாய் ஸாப், கானா ஹுவா க்யா?"

"கவுண்டர்ல போய் சாப்டாச்சான்னு கேக்கறது எந்த ரூல்ல இருக்கு?"

"பசியோட உக்காந்திருக்கறவன்கிட்ட ஒரு காரியமும் நடக்காது, கேட்டேளா. உங்களையே எடுத்துக்கோங்கோ."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'என் கணவரின் டிமைஸைத் தொடர்ந்து' என்று தொடங்கும் வரியை அவளை எழுதவைத்தபோதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். ராஜா, கிரீடம், கிடங்கு எல்லாம் சொன்னேன். பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்போ, குடுக்கறதுக்குக் கையில ஒண்ணும் இல்லாதவா போனா அதுக்கு என்ன பேர்?"

"அது வெறும் டெத்."

"ஃப்ளாட்டு, பேங்க் எல்லாம் உங்க ஏற்பாடு. நான் பேருக்கு ஜாயிண்ட். நான் போனா என்கிட்டேர்ந்து உங்களுக்கு என்னாக்கும் வரும்?"

"உனக்கு அந்தப் போர்ஷன் கிடையாது. நீ விடோ. உன் டயலாக்கைச் சொல்லு."

"வெறும் டெத்தாயிடுமோ எனக்கு?" என்று கேட்டுவிட்டு, தோசைக்கு அரைக்க வேண்டும் என்று எழுந்து போனாள். அன்றைக்கு ஒத்திகை அதோடு கலைந்தது. அவள் கேட்டது பாடத்திட்டத்தில் இல்லை.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பம்பாயில் மழைக்காலத்தில் யாருக்குத்தான் வராது. மாத்திரை போட்டுக்கொண்டாள், ரசம் வைத்தாள், பிறகு மூச்சு விடக் கஷ்டமாக இருக்கிறது என்றாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அட்மிஷன் காகிதத்தில் நான் நிரப்ப வேண்டிய இடங்களை நர்ஸ் காட்டுவதற்கு முன்பே நிரப்பிக் கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அவள் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் இருந்தது. கடைசியாக என்னிடம் சொன்னது, ஃபிரிட்ஜில் மாவு இருக்கிறது, புளித்துவிடும், நாளைக்கே வார்த்துவிடுங்கள் என்பதுதான். மறுநாள் காலை பத்து மணி வாக்கில் ஒரு சின்னப் பெண் டாக்டர் வெளியே வந்து, எக்ஸ்பயர்ட் அங்கிள், என்றாள். மருந்துப் பாட்டிலில் போட்டிருக்கிற சொல். அவளைத் திருத்தத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வாட்ச்மேன் மார்க்கரோடு பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் அறிவிப்பை அழித்துச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தான். "ஸாப், ஆப் ஹி லிக்கோகே நா?" என்றான் தயக்கத்தோடு, நீங்கள்தானே எழுதுவீர்கள் என்று. அவன் கேட்டதில் தவறே இல்லை. நான்தானே எழுதுகிறவன். மார்க்கரை வாங்கினேன். மூடியைத் திறந்தேன். எத்தனை பேருக்கு எழுதிய வரி, கை தானாக ஓட வேண்டும். அவள் பெயரை எழுதும் இடம் வரைக்கும்கூட வரவில்லை. அந்தச் சொல்லுக்கு முன்பே கை நின்றுவிட்டது. இவளிடமிருந்து என்ன கை மாறிவிட்டது என்று நான் இதை எழுதுவது?

மூன்றாம் மாடியில் இருப்பவர் பின்னால் வந்து நின்றார். தாராவியில் தோல்பை பட்டறை வைத்திருப்பவர், திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். என் கையிலிருந்து மார்க்கரை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"நீங்க மேல போங்க சார். நான் எழுதுதேன். எங்க வாப்பாக்கு நீங்க எழுதுன நோட்டீஸு போட்டோவா போன்ல கெடக்கு. அதைப் பாத்து எழுதிருதேன்."

அப்படியே எழுதினார். சுடுகாட்டுக்குப் போகும் அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்து, ஈரத் துண்டோடு லிஃப்டுக்குக் காத்து நின்றபோதுதான் படித்தேன். பெயர் சரி, ஃப்ளாட் நம்பர் சரி. தந்தை என்பதை மனைவி என்று மாற்றியிருந்தார். கடைசி வரியை மாற்ற மறந்துவிட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா தொழுகை, அதாவது இறந்தவருக்கான இறுதித் தொழுகை, நடைபெறும் என்று, என் சொந்த வாக்கிய அமைப்பில், பாலக்காட்டு ஐயர் வீட்டுப் பெண்ணுக்கு அறிவித்திருந்தது பலகை. எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் செக்ரட்டரி ஒரு சிந்திக்காரர், உல்லாஸ்நகரில் துணிக்கடை வைத்திருப்பவர். பதறிப்போய் டஸ்டரைத் தூக்கினார். ரஹ்னே தோ, இருக்கட்டும், என்றேன். என்னைப் பார்த்த பார்வையில், கிழவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று எழுதியிருந்தது. மூன்றாம் மாடிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

பலகையை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டிருக்கிறார்கள். சாயங்காலம் தாராவியிலிருந்து இரண்டு வயதானவர்கள் தொப்பி வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். விவரம் தெரிந்ததும் மூன்றாம் மாடிக்காரரைத் திட்டினார்கள். "ஏலே, கூறு வேண்டாமா? பாத்து எழுதத் தெரியாதவனெல்லாம் என்னத்துக்கு எழுதுத?" பிறகு என்னிடம், "முறைப்படி எங்களால ஒண்ணும் செய்ய ஏலாது சார். ஆனா வந்துட்டோம். செத்த நேரம் நின்னுட்டுப் போறோம்" என்றார்கள். கீழே ஸ்கூட்டர்கள் நிறுத்தும் இடத்தில் தலைகுனிந்து நின்றார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை. "அக்கா எம்மவளுக்கு போன் போடுவாக" என்றார் ஒருவர், போகும்போது. எதற்கு என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

மகள் வந்தாள், இருந்தாள், போனாள். போகுமுன் என் காகிதங்களையெல்லாம் பார்த்துவிட்டு, "அப்பா, எல்லாமே நீ போறதுக்குத்தான் ரெடியா இருக்கு" என்று அழுதாள்.

அதன் பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான் இருந்தது. ஃப்ளாட் இருவர் பெயரில் இருந்தது. அவள் பெயரை நீக்கச் சொல்லி நான் சொசைட்டிக்கு ஒரு விண்ணப்பம் தர வேண்டும். ஊருக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்தது. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் செக்ரட்டரி கேட்பார். "அங்கிள், வோ லெட்டர்?" கல், நாளை, என்பேன். காலையில் மேஜையைத் துடைத்துவிட்டு உட்காருவேன். 'என் மனைவியின்' என்று எழுதுவேன். அடுத்த சொல்லுக்கு முன்னால் பேனா நின்றுவிடும். சட்டப்படி அந்தச் சொல் சரிதான், பங்கு இருக்கிறது, பெயர் மாறப்போகிறது. ஆனால் அது நானே வாங்கி, நானே அவள் பெயரைச் சேர்த்து, எனக்கே திரும்பி வருவது. அதைத் தவிர ஒன்றும் இல்லையென்றால், வெறும் டெத்தாயிடுமோ என்று அன்றைக்கு அவள் கேட்டதற்கு நான் ஆமாம் என்று பதில் எழுதிக் கையெழுத்துப் போடுவதாக ஆகும். மாலையில் அந்தத் தாளைக் கிழித்துப் போடுவேன். எதிர் நாற்காலியில் யாரும் இல்லாதபோது, அந்தப் பக்கமும் சேர்த்து மேஜையை ஏன் துடைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவளுடைய போனை நான் அணைக்கவில்லை. சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். அது நடைமுறைக்குத் தேவை, பேங்க் ஓ.டி.பி. வரும் என்று மகளிடம் சொன்னேன். ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, நான் எங்கும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தபோது, அது அடித்தது. திரையில் 'சீத்தா கேம்ப், தையல் மிஷின்' என்று வந்தது. பெயர்களை அவள் அப்படித்தான் போட்டு வைத்திருப்பாள்.

"அக்கா, சாப்ட்டியளா?" என்றது ஒரு பெண் குரல்.

யார் என்று கேட்டேன்.

"சார் பேசுதியளா? நாந்தான் சார், சீத்தா கேம்ப்லேந்து. எங்க வீட்டுக்காரவுக மவுத்தானப்போ நீங்க எழுதிக் குடுத்தியள்ல, பேங்குக்கு. பட்டறை மொதலாளி கூட்டியாந்தாவ."

ஞாபகம் வந்தது. மூன்றாம் மாடிக்காரரோடு வந்தவள், கறுப்புப் பர்தா, கையில் பிளாஸ்டிக் பை. ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன், போனாள். என் அளவில் அந்தக் காரியம் அங்கே முடிந்துவிட்டது.

"அக்கா ரெண்டு மாசமா போனே போடலியே? வெள்ளிக்கெளம ஆனா போட்டுருவாக. மொதல்ல பேங்குல கெடச்சிதா, கெடச்சிதான்னு கேப்பாக. கெடச்சிருச்சி, அப்பறமும் போடுவாக. சாப்ட்டியா, மிஷின் ஓடுதா, மக பள்ளிக்கொடம் போறாளான்னு. எங்கிட்ட கேக்கது மாதிரி இங்க நாலஞ்சு பேருகிட்ட கேப்பாக. கோவமா சார் அக்காவுக்கு? எங்கிட்ட சின்ன போனுதான், வாட்ஸ்அப்பு ஒண்ணும் கெடயாது. அதான் நானே அடிச்சேன்."

வெள்ளிக்கிழமை பதினொரு மணி என்பது நான் பேங்குக்கும் நூலகத்துக்கும் போகும் நேரம். வீடு அவள் ஒருத்தியிடம் இருக்கும் நேரம்.

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். காலமானாள், தவறினாள், ஆஃப், எக்ஸ்பயர்ட். வாழ்நாள் முழுக்கப் பிறர் கொண்டுவந்த சொல்லையெல்லாம் வாங்கி மாற்றி எழுதிக் கொடுத்தவன். எனக்கென்று ஒரு சொல் கைவசம் இல்லை.

"செத்துப்போயிட்டாம்மா" என்றேன். "காய்ச்சல் வந்து செத்துப்போயிட்டா."

அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது. அவ்வளவு நேரம் அது ஓடிக்கொண்டிருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு ஒரு கேவல். அரபியில் ஏதோ முணுமுணுத்தாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"நீங்க சாப்ட்டியளா அண்ணே?"

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆச்சு, என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் போன் அடித்தது. நான் நூலகத்துக்குப் போகவில்லை. எதற்காகப் போகாமல் இருந்தேன் என்பதை மணி அடித்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன்.

"சாப்ட்டியளா அண்ணே?"

"தோசை வார்த்தேன். கருகிப்போச்சு."

"தீயக் கொறச்சு வையுங்க. அக்கா பேருல உள்ள பேப்பரெல்லாம் மாத்தியாச்சா? எங்களுக்கெல்லாம் ஓடி ஓடி எழுதிக் குடுத்தியளே, உங்களுக்கு எழுதினியளா?"

இல்லை என்றேன்.

"எழுதிருங்க அண்ணே. தள்ளிப்போட்டா மனசு கனத்துக்கிட்டே போவும். எனக்கு அக்கா அதான் சொன்னாக."

அன்று சாயங்காலம் மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். 'என் மனைவியின்' என்று எழுதினேன். கொஞ்ச நேரம் எதிர் நாற்காலியைப் பார்த்தேன். பிறகு அந்தச் சொல்லை எழுதினேன். விண்ணப்பத்தின் மிச்சம் எப்போதும் போல் ஓடியது. செக்ரட்டரியின் வீட்டுக் கதவைத் தட்டி, அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானே அவளுக்கு அடித்தேன்.

"குடுத்துட்டேம்மா, சொசைட்டில."

"நல்லது அண்ணே. ஸீலு வாங்கினியளா, காப்பியில?"

மேஜையில் இருந்த நகலை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தேன்.

"வாங்கலியா? என்னண்ணே நீங்க! ஸீலு இல்லாம வீட்டுக்கு வரவே கூடாதுன்னு அக்கா அன்னைக்கு எவ்வளவு சத்தம் போட்டாக தெரியுமா? நான் பேங்குலேந்து சும்மா திரும்பி வந்துட்டேன், மறுபடி போ, இன்னைக்கே போன்னு வெரட்டி விட்டாக. நீங்களும் இன்னைக்கே போங்க."

"மழை பெய்யறதே."

"ஆபீஸு உங்க பில்டிங்குக்கு உள்ளதானே இருக்கு. போயிட்டு வந்து சாப்புடுங்க. நான் மறுக்கா போடுதேன்."

நகலை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் பலகையில் நாளை தண்ணீர் வராது என்று இருந்தது. வாட்ச்மேன் எவ்வளவு துடைத்தாலும் பழைய எழுத்தின் தடம் முழுதாகப் போவதில்லை. தண்ணீருக்கு அடியில் அஸர் என்பதை இன்னும் படிக்க முடிந்தது. சொசைட்டி ஆஃபீஸில் செக்ரட்டரி மட்டும் இருந்தார். ஸீல் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று தெரியாமல் தேடினார். இங்க் பேட் காய்ந்து கிடந்தது, தண்ணீர் தொட்டுத் தேய்த்தார். வேறொரு நாளாக இருந்தால் நான் அதைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்திருப்பேன்.

"கானா ஹுவா க்யா?" என்று கேட்டேன்.

அவர் ஸீலைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இன்னும் இல்லை அங்கிள், என்றார். பிறகு அவள் பெயருக்குக் கீழே, கொஞ்சம் கோணலாக, அழுத்திக் குத்தினார்.